140 ரூபாய்க்கு ரம்மா, விஸ்கியா?

எங்கள் ஊர்க் கடையில் யாரும் சரக்கின் பெயரைச் சொல்லிக் கேட்பதில்லை. "அண்ணே, நூத்தி நாப்பதுல ஒண்ணு குடுங்க." அவ்வளவுதான். கம்பிக்குப் பின்னாலிருந்து ஒரு குவார்ட்டர் வரும். அது பிராந்தியா, விஸ்கியா, ரம்மா என்பது அன்றைக்கு எந்தப் பெட்டியைப் பிரித்து வைத்திருக்கிறார்களோ அதைப் பொறுத்தது. 2003 நவம்பரில் சில்லறை விற்பனை டாஸ்மாக் கைக்குப் போனதிலிருந்து பல வருடம் நானும் அப்படித்தான் வாங்கினேன். நேற்று என்ன குடித்தாய் என்று கேட்டால் விலையைத்தான் சொல்லத் தெரியும்.

வீடு பெரம்பலூர். வேலை, அரியலூரில் ஒரு சிமென்ட் ஆலையின் ஆய்வுக்கூடத்தில். சுண்ணாம்புக்கல்லில் எது எத்தனை சதவீதம் என்று பகலெல்லாம் பார்க்கிறவன், ராத்திரி வாயில் ஊற்றுவதில் என்ன இருக்கிறது என்று பார்க்கவில்லையே என்ற வெட்கம் பெரியப்பாவால் வந்தது. அவர் பட்டாளத்துக்காரர். கேன்டீன் கார்டில் மாதக் கோட்டா வாங்கி, ராத்திரிக்கு ஒரு லார்ஜ் ரம், அதில் வெந்நீர், அதோடு சரி. நான் ஒருமுறை கொண்டுபோன விஸ்கியை மோந்து பார்த்துவிட்டு, "ரம்முக்கு விஸ்கி வேஷம் கட்டி விட்டுருக்கான்டா" என்றார்.

கிண்டல் என்று நினைத்தேன். விசாரித்துப் பார்த்தால் முக்கால்வாசி உண்மை.

அரவைக் காலத்தில் எறையூர் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டவர்களுக்கு ஆலைப் பக்கம் அடிக்கும் பாகு வாசனை தெரியும். சர்க்கரை எடுத்தது போக மிஞ்சும் கரிய பாகுதான் மொலாசஸ். அதைப் புளிக்க வைத்துக் காய்ச்சி, திரும்பத் திரும்ப வடித்து, மணம் ருசி எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, 96 சதவீதச் சுத்தத்தில் எடுப்பதை இ.என்.ஏ. என்பார்கள். நம் ஊரில் விலை குறைந்த விஸ்கி, பிராந்தி, ரம் மூன்றுக்கும் பெரும்பாலும் இதுதான் அடி. மேலே சேர்வதுதான் வேறு: விஸ்கிக்குக் கொஞ்சம் மால்ட், பிராந்திக்குக் கொஞ்சம் திராட்சைச் சாராயம், நிறத்துக்குக் கேரமல், மணத்துக்கு எசன்ஸ்.

விஸ்கி தானியத்தில் பிறக்க வேண்டியது. ஸ்காட்லாந்தில் தானியச் சாராயத்தை ஓக் பீப்பாயில் மூன்று வருடமாவது போட்டு வைத்தால்தான் ஸ்காட்ச் என்று பெயர் வைக்க விடுவார்கள். மொலாசஸில் எடுத்ததை ஐரோப்பாவில் விஸ்கி என்று விற்கவே முடியாது. இங்கே விற்கலாம். ரம்முக்கு இந்தச் சங்கடம் இல்லை. உலகம் முழுக்க அது கரும்புக்குப் பிறந்த பிள்ளைதான். மலிவு ரம்மிலும் கேரமலும் எசன்ஸும் உண்டு. ஆனாலும் பிறப்பை மறைக்க வேண்டிய வேலை அதற்கு இல்லை.

இந்த இடத்தில் ஒரு கணக்கு. ஆய்வுக்கூடத்துக்காரன் புத்தி, போட்டுப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. ஒரு டன் கரும்பில் மொலாசஸ் நாற்பது கிலோவுக்குக் கொஞ்சம் கூட வரும். அதிலிருந்து அந்த 96 சதவீதச் சாராயம் சுமார் 10 லிட்டர். ஒரு குவார்ட்டர் 180 மில்லி, அதில் 42.8 சதவீதம், அதாவது 77 மில்லி அசல் சாராயம். ஆக ஒரு டன் கரும்பின் கழிவுப் பாகிலிருந்து மட்டும் சுமார் 125 குவார்ட்டர். 140 ரூபாய் வீதம் போட்டால் 17,500 ரூபாய், பெரும்பங்கு வரி. சர்க்கரைச் சத்து 9.5 சதவீதத்துக்குக் கீழே போன கரும்புக்கு 2024-25 பருவத்தில் மத்திய அரசு வைத்த விலை டன்னுக்கு 3,151 ரூபாய். எறையூர்ப் பக்கம் கரும்பு போடும் என் மச்சானிடம் இதைச் சொன்னேன். "சரி, ஊத்து" என்றான்.

அந்த 42.8 இருக்கிறதே, அதுதான் நான் கற்ற முதல் பாடம். 2024 பிப்ரவரி விலை ஏற்றத்துக்குப் பிறகு 140 ரூபாயான சாதா குவார்ட்டரிலும் 42.8. அதைப் போல நாலு மடங்கு விலையுள்ள பாட்டிலிலும் பெரும்பாலும் அதே 42.8. லேபிளைத் திருப்பிப் பாருங்கள். "விலை கூடுனது நல்லா ஏறும்" என்பது நம் மனசு ஏறுவதுதான். காசு கூடக் கொடுத்தால் கிடைப்பது மணம், வாயில் தங்கும் நேரம், தொண்டையில் இறங்கும் பதம். இது மூன்றும் உங்களுக்கு வேண்டாமென்றால் கூடக் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயும் வீண். பெப்சியோ ஸ்ப்ரைட்டோ ஊற்றித்தான் குடிப்பேன் என்கிறவருக்கும் அதேதான். கோலாவுக்குள் போனபின் பீப்பாய் எங்கே, எசன்ஸ் எங்கே?

போன வருடம் மாசி மாதம் செட்டிகுளம் பக்கத்தில் பங்காளி ஒருவரின் காட்டில், வெங்காயப் பட்டறைக்குப் பக்கத்து மோட்டார் கொட்டாயில் ஒரு பரிட்சை வைத்தோம். ஆறு பேர். கண்ணைத் துண்டால் கட்டி, ஆளுக்கு ஐந்து கிளாஸ், ஒவ்வொன்றிலும் பத்து மில்லி. சாதா ரம், சாதா விஸ்கி, சாதா பிராந்தி, பெரியப்பா மனமிரங்கி ஊற்றிய ஓல்ட் மாங்க், பிறகு தானியச் சாராயத்தோடு ஸ்காட்ச் மால்ட் கலந்ததாக லேபிளில் போட்டிருந்த, மூன்று மடங்கு விலையுள்ள ஒரு விஸ்கி.

முதல் சுற்று பாழ். எல்லாமே ஒரே மாதிரி, நாக்கில் சுண்ணாம்பு தடவினது போல் இருந்தது. பிறகுதான் உறைத்தது, போர்த் தண்ணியைக் கலந்திருக்கிறோம். பெரம்பலூர், அரியலூர் போர்த் தண்ணியின் லட்சணம் ஊருக்கே தெரியும். கெட்டிலில் ஒரு வாரம் காய்ச்சினால் அடியில் வெள்ளையாகப் பாறை கட்டும். அந்தத் தண்ணியில் நூறு ரூபாய்ச் சரக்கும் ஆயிரம் ரூபாய்ச் சரக்கும் ஒன்று. ஒருவன் பைக்கில் போய் கேன் தண்ணி கொண்டுவந்தான். (குடிக்காத பையன். 2019 திருத்தத்துக்குப் பிறகு குடித்துவிட்டு ஓட்டினால் முதல் தடவைக்கே அபராதம் 10,000 ரூபாய். ஃபுல் பாட்டில் விலையை இதோடு சேர்த்துக் கணக்குப் போடவும்.)

இரண்டாம் சுற்றில் ரம் இரண்டையும் ஆறு பேரும் கண்டுபிடித்துவிட்டார்கள். சாதா விஸ்கி எது, சாதா பிராந்தி எது என்று சரியாகச் சொன்னவர்கள் இரண்டே பேர். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் மூன்று பேர் தேறியிருப்பார்கள். இதில் ஒருவர் பதினைந்து வருடமாக "நமக்குப் பிராந்திதான் ஒத்துக்கும்" என்று சொல்லி வந்தவர். விஸ்கியைக் கையில் பிடித்துக்கொண்டு "இதான் நம்ம சரக்கு" என்றார். சாதா மூன்றில் எது தேவலை என்று கேட்டதற்கு நாலு பேர் ரம்மைக் காட்டினார்கள். விலை கூடிய விஸ்கி வந்ததும் பேச்சு நின்றது. வறுத்த கடலை மாதிரி, கொஞ்சம் தேன் மாதிரி, கடைசியில் மரப்பட்டை மாதிரி ஒரு வாசனை. ஓல்ட் மாங்க்குக்கும் அதற்கும் ஓட்டு மூன்றுக்கு மூன்று. விலையைச் சொன்னதும் ஒரு ஓட்டு ஓல்ட் மாங்க் பக்கம் மாறியது.

ஓல்ட் மாங்க் 1954இல் வந்தது. மோகன் மீக்கின் கம்பெனி விளம்பரம் பண்ணி விற்ற சரக்கு இல்லை அது. ஏழு வருடம் பீப்பாயில் வைத்ததைக் கலந்தது என்று பாட்டிலிலேயே எழுதியிருக்கும். வனிலா வாசனை, வெல்லப்பாகு இனிப்பு, முடிவில் லேசான கசப்பு. பெரியப்பா வெந்நீர் கலப்பதை முன்பு கேலி செய்திருக்கிறேன். பரிட்சைக்குப் பிறகு அவரைப் போலவே குடித்துப் பார்த்தேன். சூட்டில் வாசனை மேலே எழும்புகிறது. மார்கழிப் பனிக்கு அதுதான் சரி.

நல்லதை அடையாளம் காண இரண்டு வழி எனக்குக் கைகொடுத்தது. உள்ளங்கையில் நாலு சொட்டு விட்டுப் பரபரவென்று தேய்த்து, ஈரம் போனபின் மோந்து பாருங்கள். சாராயம் பறந்துவிடும், பின்னால் நிற்பது எதுவோ அதற்குத்தான் காசு கொடுத்திருக்கிறீர்கள். மிட்டாய் எசன்ஸ் வாசனை வந்தால் அது தொழிற்சாலை ருசி. மரம், தானியம், வெல்லம் வந்தால் காசு வீணில்லை. இன்னொன்று, குடித்த கிளாஸைக் கழுவாமல் வைத்துக் காலையில் மோந்து பார்ப்பது. பீப்பாயில் கிடந்த சரக்கின் கிளாஸ் காலையிலும் மணக்கும். வீட்டுக்காரம்மாவிடம் திட்டு வாங்காமல் இதைச் செய்யும் வழி எனக்குப் பிடிபடவில்லை. ருசி பார்க்கும்போது பாதிக்குப் பாதி கேன் தண்ணி கலந்து, கண்ணாடிக் கிளாஸில் பாருங்கள். ராவாக அடித்தால் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒரே எரிச்சல்தான். பிளாஸ்டிக் டம்ளர் தன் வாசனையையும் சேர்த்துத் தரும்.

நிறத்தை நம்பாதீர்கள், கேரமல் எந்த நிறத்தையும் தரும். பாட்டிலைக் கவிழ்த்து முழங்கையால் அடியில் தட்டி, நுரை நிற்கிறதா என்று பார்க்கிறார்களே, அதிலும் ஒன்றுமில்லை. "ரம் சூடு, பிராந்தி குளிர்ச்சி" என்பதும் கதைதான். எந்தச் சாராயம் போனாலும் தோலுக்கடியில் ரத்தக் குழாய் விரியும், உடம்பு சூடான மாதிரித் தோன்றும், உள்சூடு வெளியே போகும். மலிவு சரக்கால்தான் மறுநாள் தலைவலி என்று நானும் நம்பியிருந்தேன். ஆனால் தலைவலியைக் கூட்டுவதாகச் சொல்லப்படும் மணப்பொருள்கள் இ.என்.ஏ.வில் குறைவு. பீப்பாயில் கிடந்த கருஞ்சரக்கில்தான் அவை அதிகம். தலைவலிக்கு முக்கியக் காரணம் அளவும், வெறும் வயிறும், தண்ணி குடிக்காததும்.

அளவு என்றதும் இதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு குவார்ட்டரில் சுத்தச் சாராயம் 61 கிராம். பத்து கிராமை ஒரு பங்கு என்று வைக்கும் கணக்குப்படி ஆறு பங்கு. "ஒரே ஒரு குவார்ட்டர்தான்" என்பவர் ஆறு குடித்திருக்கிறார். எந்த அளவும் பத்திரமில்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. சுகர் மாத்திரை தொடங்கியபின் நான் மாதத்துக்கு இரண்டு நாள், ஒரு லார்ஜ் என்று நிறுத்திக்கொண்டேன். குறைத்த பிறகுதான் நல்லதாக வாங்கக் கட்டுப்படியானது.

விலைக்கு ஆசைப்பட்டு கடைக்கு வெளியே எதையும் வாங்கக் கூடாது. பக்கத்து மாவட்டம் கள்ளக்குறிச்சியில், 2024 ஜூனில் கருணாபுரத்திலும் சுற்றிலும் மெத்தனால் கலந்த கள்ளச்சாராயம் குடித்து அறுபது பேருக்கு மேல் செத்தார்கள். மெத்தனாலை நாக்கும் மூக்கும் கண்டுபிடிக்காது. நான் சொன்ன எந்தப் பரிட்சையிலும் அது தெரியாது. மூடியில் ஹோலோகிராம் இல்லாத பாட்டில், யாரோ கைமாற்றும் "மிலிட்டரி சரக்கு", இரண்டும் வேண்டாம்.

தொட்டுக்கொள்ள எனக்கு ஜெயங்கொண்டம் பக்கத்து வறுத்த முந்திரி. ரம்மோடு அதற்கு இணையில்லை. ஆண்டிமடம், செந்துறை முந்திரிக்காடுகளில் கொட்டையைத் திருகிக்கொண்டு பழத்தை மரத்தடியிலேயே விட்டுவிடுவார்கள். கோவாவில் அந்தப் பழத்தில்தான் ஃபெனி இறக்குகிறார்கள். காட்டில் அழுகும் வாசனையை நுகரும்போதெல்லாம் எனக்கு ஒரு பெருமூச்சு வரும்.

என் தீர்ப்பு இது. 140 ரூபாய்தான் கையில் என்றால் ரம் கேளுங்கள், பெயர் சொல்லிக் கேளுங்கள். விஸ்கிதான் வேண்டும் என்றால் லேபிளில் தானியமும் மால்ட்டும் இருப்பதைத் தேடி, இரண்டு மாதக் காசைச் சேர்த்து ஒன்றை வாங்குங்கள். இடைப்பட்ட விலையில் விஸ்கி என்று விற்பவற்றில், நான் பார்த்தவரை, பாட்டிலும் அட்டைப் பெட்டியும்தான் உயர்ந்திருந்தன.

கடைசியாக ஒன்று. பெரம்பலூர் மாவட்டத்தில் பாட்டிலுக்கு 10 ரூபாய் கூட வாங்கிக்கொண்டு, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தருகிறார்கள். தயவுசெய்து கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள். வயல் வரப்பில் எறியாதீர்கள். பருத்தி எடுக்க வருகிற பெண்கள் செருப்புப் போட்டு வருவதில்லை.