தலைச்சாயம்: பொதியின் பின்பக்கத்தை வாசித்தல்

தலைச்சாயப் பொதிகளின் முன்பக்கத்தில் ‘இயற்கையானது’, ‘மூலிகை’, ‘அம்மோனியா அற்றது’ என அச்சிடப்பட்டிருக்கும். இவை விளம்பரச் சொற்கள். உள்ளே இருப்பதைக் காட்டுவது உட்பொருட் பட்டியல் ஒன்றே. அதனை வெளியிடுவது பிரித்தானியச் சட்டப்படி கட்டாயமாகும்.

எதனைத் தேடுதல் வேண்டும்?

நிலையான கருஞ்சாயங்கள் பலவற்றில் பாரா-பீனைலீன்டயமைன் என்னும் இரசாயனம் உண்டு. சுருக்கமாகப் பிபிடி என்பர். ஹைட்ரஜன் பெரொக்சைட்டுடன் சேரும்போது இது முடியினுள் நிறமாக மாறுகிறது. தலையில் இடும் கலவையில் இது 2 சதவீதத்தை மீறலாகாது. எனினும், ஒவ்வாமை உள்ளவருக்குச் சிறிதளவும் கேடு செய்யலாம். அம்மோனியாவின் பணி முடியின் மேற்செதில்களைத் திறப்பதாகும். ஆகவே அம்மோனியா அற்ற சாயத்திலும் பிபிடி இருக்கலாம்.

‘கறுப்பு மருதோன்றி’

தூய மருதோன்றி (மருதாணி) செம்மஞ்சள் அல்லது செந்நிறமே தரும். விரைவிற் கருமை தரும் ‘கறுப்பு மருதோன்றி’யில் பிபிடி கலந்திருக்கக்கூடும். அதனைத் தோலில் இடுவதற்கான பொருட்களிற் சேர்ப்பது சட்டவிரோதம். சிறுவயதில் கையில் வரைந்த ஒரு கோலத்தால் உண்டாகும் ஒவ்வாமை வாழ்நாள் முழுவதும் நீடிக்கலாம். பின்னாளில் இடும் தலைச்சாயம் கடுமையான வீக்கத்தை ஏற்படுத்தலாம்.

மென்மையான மாற்றுவழி

முதலில் தூய மருதோன்றிப் பூச்சையும், அதனைக் கழுவிய பின் அவுரித் தூட்பூச்சையும் இட்டால் கபிலம் முதல் கருமை வரை நிறம் கிடைக்கும். அவுரியைக் குழைத்தவுடன் பயன்படுத்துதல் வேண்டும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் மருதோன்றியைத் தவிர்க்க வேண்டும்.

சாயமிடும் முன்

1. எச்சாயமாயினும், ஒவ்வொரு முறையும் 48 மணி நேரத்துக்கு முன் பொதியிலுள்ள அறிவுறுத்தலின்படி தோற்சோதனை செய்க.
2. முன்பு தலைச்சாயமோ கறுப்பு மருதோன்றியோ ஒவ்வாதிருந்தால் சாயமிடுவதைத் தவிர்த்து, மருத்துவரிடம் ஆலோசனை பெறுக.
3. எரிச்சல் தோன்றினால் உடனே கழுவுக. முகம் வீங்கினாலோ மூச்சுத் திணறினாலோ 999 எண்ணை அழையுங்கள். அவசரமற்ற ஆலோசனைக்கு 111 எண்ணில் தமிழ் மொழிபெயர்ப்பாளரைக் கேட்கலாம்.

உட்பொருட் பட்டியலோ பொறுப்பாளரின் பிரித்தானிய முகவரியோ இல்லாத பொதியைச் சிட்டிசன்ஸ் அட்வைஸ் நுகர்வோர் சேவைக்கு அறிவிக்கலாம்.

பயிற்சி: உங்கள் வீட்டிலுள்ள சாயப் பொதியை எடுத்து உட்பொருட் பட்டியல், முகவரி, எச்சரிக்கை வாசகம் ஆகிய மூன்றையும் கண்டறிக. ஒன்றேனும் இல்லையெனில் அதனைப் பயன்படுத்தாதீர்கள்.