நாத்து நடறது நாங்க, வாய்க்கால் கூட்டம் யாருக்கு?



கொமரலிங்கத்தில் ஒரு குழுக் கூட்டம். கறவை மாட்டுக் கடன் பேசி முடித்து, தீர்மான நோட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தோம். மூத்த உறுப்பினர் ஒருவர் கேட்டார்: "ஏனுங்க, நாத்து நடறது நாங்க, களை எடுக்கறது நாங்க, மாட்டுக்குத் தண்ணி காட்டறது நாங்க. வாய்க்கா கூட்டத்துக்கு மட்டும் எங்களைக் கூப்பிடறதில்லையே, ஏனுங்க?"

எங்களுக்கு உடனே பதில் வரவில்லை. அதையே இந்த மாதப் பாடமாக எடுத்துக்கொண்டோம்.

இப்படிப்பட்ட கேள்விகளுக்குப் படித்தவர்கள் வைத்திருக்கும் பெயர் 'சூழலியல் பெண்ணியம்'. 1974-ல் பிரான்சு நாட்டு எழுத்தாளர் பிரான்சுவாஸ் தோபோன் இந்தச் சொல்லைக் கொண்டுவந்தார். பெயர்தான் பெரிசு. ஆத்தையும் காட்டையும் கேள்வி இல்லாமல் சுரண்டுவதும், பெண்ணின் உழைப்பைக் கணக்கில் எடுக்காமல் விடுவதும் ஒரே புத்தியிலிருந்து வருகின்றன என்பதுதான் அதன் சாரம்.

அதே 1974, மார்ச் 26. இமயமலையில் ரேணி என்ற ஊர். நிலத்துக்கு நஷ்டஈடு வாங்க ஆண்கள் வெளியூர் போயிருந்த நேரம் பார்த்து, மரம் வெட்ட ஆட்கள் வந்துவிட்டார்கள். ஊர் மகளிர் மன்றத் தலைவி கௌரா தேவி, இருபத்தேழு பெண்களோடு காட்டுக்குப் போய் மறித்து நின்றார். வந்தவர்கள் திரும்பிப் போக வேண்டியதாயிற்று. சிப்கோ இயக்கம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள், அதுதான் இது.

இதைச் சொன்னதும் "பொம்பளை பூமாதேவி மாதிரி, அவளுக்கு மண்ணு மேல தானா பாசம் வரும்" என்பார்கள். மேடையில் கேட்க நன்றாகத்தான் இருக்கும். எங்களுக்கு அதில் முழுச் சம்மதம் இல்லை. பொருளாதார அறிஞர் பீனா அகர்வால் 1992-ல் எழுதியது நமக்குப் பொருத்தமாகப் படுகிறது: இந்த உறவு பிறப்பால் வருவதில்லை, செய்கிற வேலையால் வருகிறது. விறகும் தண்ணியும் தீவனமும் தேடுவது பெண் என்பதால், அவை குறைந்தால் முதலில் அடி வாங்குவதும் அவள்தான். நிலமில்லாத வீட்டுப் பெண்ணுக்கு அந்த அடி இன்னும் பலம். தோட்டக்கார வீட்டில் போர்வெல் இருக்கும், கூலிக்குப் போகிறவளுக்குத் தெருக்குழாய்தான்.

நம் பக்கமே பாருங்கள். திருப்பூர் சாயத்தண்ணி நொய்யலில் போனது. 1992-ல் திறந்த ஒரத்துப்பாளையம் அணை பாசனத்துக்குப் பதிலாகச் சாயக்கழிவு தேங்கும் இடமானது. சுற்றுவட்டாரக் கிணறுகள் உப்பாயின. விவசாயிகள் வழக்குப் போட்டார்கள். 2011 ஜனவரியில் உயர் நீதிமன்றம், கழிவைச் சுத்தமாக நிறுத்தாத சாயப்பட்டறைகளை மூடச் சொன்னது. அப்போது வேலை போனவர்களில் பெண்களும் உண்டு. நம்மில் பலர் வீட்டிலிருந்து கம்பெனி வேனில் பனியன் வேலைக்குப் போகிறார்கள். அதனால் 'ஆலை வேண்டாம்' என்று ஒரே வார்த்தையில் நாம் சொல்லிவிட முடியாது. கிணறும் கெடக்கூடாது, சம்பளமும் நிக்கக்கூடாது. இரண்டையும் சேர்த்துக் கேட்பதுதான் சிரமம்.

பொள்ளாச்சியைத் தாண்டினால் பாலக்காடு மாவட்டத்தில் பிளாச்சிமடை. 2000-ல் அங்கே கோக கோலா ஆலை வந்தது. கிணத்துத் தண்ணி குடிக்கவும் சமைக்கவும் ஆகாமல் போனது. 2002-ல் தொடங்கிய போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர் மயிலம்மா என்ற பழங்குடிப் பெண். பள்ளிப் படிப்பு இல்லாதவர். 2004 மார்ச்சில் ஆலை நின்றது. தூரத்துக் குடத்தைச் சுமந்தவருக்குத்தான் அந்தக் கோபம் முதலில் வந்தது.

இப்போது அந்த அம்மாவின் கேள்விக்கு வருவோம். 1957-ல் கட்டிய அமராவதி அணைக்கு முன்பிருந்தே நம் ராஜவாய்க்கால் பாசனம் இருக்கிறது. பாசனதாரர் சங்கங்களுக்கான தமிழ்நாட்டுச் சட்டம் 2000-ல் வந்தது. அது நில உரிமையாளர்களை வைத்தே சங்கம் அமைக்கிறது. பட்டா கணவர் பேரிலோ மாமனார் பேரிலோ இருந்தால், நடவு நட்ட கைக்கு அங்கே ஓட்டு இல்லை. கூப்பிடாததற்குக் காரணம் இதுதான். பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் சம பங்கு என்று தமிழ்நாட்டில் 1989-லும், நாடு முழுக்க 2005-லும் இந்து வாரிசுச் சட்டம் திருத்தப்பட்டது. ஆனாலும் "அண்ணன் தம்பி மனசு நோகக்கூடாது" என்று விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டு வருகிறோம். வீட்டுக்கு வீடு பார்க்கிறோமே!

பட்டா இல்லாதவர்களுக்கும் ஒரு இடம் இருக்கிறது. கொமரலிங்கம் பேரூராட்சி என்பதால் இங்கே கிராம சபை கிடையாது. ஆனால் 2022-ல் வந்த விதிகளின்படி வார்டுகளில் பகுதி சபை உண்டு. அதில் பேச நிலம் வேண்டாம், வார்டு வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தால் போதும். குடிதண்ணி, சாக்கடை ஆத்தில் விழுவது, குப்பை, எல்லாம் அங்கே பேசலாம்.

அடுத்த குழுக் கூட்டத்துக்குள் ஒரு வேலை. ஏழு நாளைக்கு, தண்ணி எடுக்க, புல் அறுக்க, விறகு சேர்க்க எத்தனை மணி நேரம் ஆனது என்று நோட்டில் குறித்து வாருங்கள். எழுத வராதவர்கள் பிள்ளைகளிடம் சொல்லி எழுதுங்கள். வீட்டு நிலம், மோட்டார் சர்வீஸ், கிணறு யார் பேரில் என்றும் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். ஊக்குநர்கள் அதைத் தொகுத்துக் கூட்டமைப்புக் கூட்டத்துக்குக் கொண்டுவாருங்கள். பகுதி சபையில் வைக்க வேண்டிய தீர்மானத்தை அந்த நோட்டைப் பார்த்தே எழுதுவோம்.