கரையில் நின்று கடல்மீன் பிடிக்க மூழ்கும் பொய் இரை

வீராணம் ஏரிப் பாசனப் பகுதியில் சம்பா அறுவடை முடிந்து, நெல் தரிசில் உளுந்து முளைத்து நிற்கும் மாசி, பங்குனி மாதங்களில் உழவர்களுக்குச் சிறிது ஓய்வு கிடைக்கிறது. அப்போது லால்பேட்டை, காட்டுமன்னார்கோயில் பக்கத்து இளைஞர்கள் சிலர் ரீல் பொருத்திய தூண்டிலுடன் பரங்கிப்பேட்டை, சாமியார்பேட்டைக் கடற்கரைகளுக்குச் செல்கின்றனர். ஐப்பசி, கார்த்திகையில் கொந்தளிக்கும் கடல் இந்த மாதங்களில் அடங்கியிருக்கும். ஆயினும் பலர் வெறுங்கையுடனேயே திரும்புகின்றனர். விதை மேலாக விழுந்தால் காய்ந்து போகும். அதிக ஆழத்தில் விழுந்தால் முளை வெளிவராது. பொய் இரையும் அப்படித்தான். மீன் நிற்கும் இடத்தில், மீன் நிற்கும் ஆழத்தில் அது செல்ல வேண்டும்.

மூழ்கும் இரை ஏன்?

மிதக்கும் இரை எடை குறைவானது. கடற்காற்றில் அது தூரம் செல்லாது; அலை அதைக் கரைக்குத் தள்ளிவிடும். மூழ்கும் இரை காற்றைக் கிழித்துச் சென்று அலையின் அடியில் இறங்கும். இதில் இரு வகைகள் உண்டு. ஒன்று, உலோகத் தகடு அல்லது கரண்டி வடிவ இரை. மற்றொன்று, உள்ளே எடை வைத்த மீன் வடிவ இரை. தொடக்கத்தில் 20 முதல் 40 கிராம் வரை எடையுள்ள உலோக இரை இரண்டு இருந்தால் போதும். பழைய எவர்சில்வர் கரண்டியின் காம்பை வெட்டி நீக்கி, முனைகளை அரத்தால் தேய்த்து, இரு பக்கமும் துளையிட்டு, ஒன்றில் வளையமும் மற்றதில் முள்ளும் பொருத்தினால் வீட்டிலேயே நல்ல இரை தயாராகும்.

தூண்டில் கழி 9 முதல் 11 அடி நீளம் இருக்கலாம். 0.35 முதல் 0.40 மி.மீ. கனமுள்ள நைலான் நரம்பு ஏற்றது. கொடுவாவின் செவுள் மூடி கத்தி போல் அறுக்கும். ஆகையால் நுனியில் இரண்டு, மூன்று அடி நீளத்திற்குத் தடித்த நரம்பைச் சேர்க்க வேண்டும். பல் கூர்மையான சீலா மீன் திரியும் இடத்தில் மெல்லிய எஃகுக் கம்பி தேவை.

மீன் நிற்கும் இடம்

முதல் முறை சாமியார்பேட்டை சென்றபோது, மாலை முழுவதும் என்னால் இயன்ற தூரம் எறிந்தேன். ஒரு மீனும் கடிக்கவில்லை. வலை உலர்த்திக் கொண்டிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, மீனு காலடியில கெடக்கு, நீங்க அதத் தாண்டி எறியிறீங்க" என்றார்.

அவர் கூறியது உண்மையே. மணற்கரையில் அலை உடையும் இடத்தில் நீருக்கடியில் மணல்மேடு இருக்கும். அதற்கும் கரைக்கும் இடையே, வாய்க்கால் போல, ஒரு பள்ளம் கரையை ஒட்டியே ஓடும். அலை வெண்மையாக உடைந்தால் அங்கு மேடு; நீர் கருத்து, அலை உடையாமல் வந்தால் அங்கு பள்ளம். மடவைக் குஞ்சுகளும் இறாலும் பள்ளத்தின் வழியே செல்வதால் கொடுவா, பாறை, காளா ஆகியவை அங்கே காத்திருக்கும். மேடான இடத்தில் ஐந்து நிமிடம் நின்று கடலைப் பார்த்த பின்பே இரையைக் கட்டுங்கள். விடியற்காலையும் அந்திப்பொழுதும் ஓதம் ஏறும் நேரமும் ஒன்றாக அமைந்தால் மிக நன்று.

எறியும் முறை

1. பெரிய அலைகள் கூட்டமாக வந்து ஓயும்வரை காத்திருந்து எறிய வேண்டும். பின்னால் ஆள் இல்லை என்பதை ஒவ்வொரு முறையும் பார்த்துக் கொள்க.

2. கடலை நோக்கி நேராக எறியாமல் சற்றுச் சாய்வாக எறிக. இரை பள்ளத்தினுள் அதிக தூரம் பயணம் செய்யும்.

3. இரை நீரைத் தொட்டதும் ஒன்று, இரண்டு என எண்ணுங்கள். அடியைத் தொட்டதும் நரம்பு தளரும். ஆறாம் எண்ணில் அடி தட்டினால், அடுத்த முறை நான்கில் இழுக்கத் தொடங்குக. கடி இல்லையெனில் மூன்று, இரண்டு எனக் குறைத்துப் பார்க்கவும். கடித்த எண்ணை மறக்க வேண்டாம். அதுவே அன்றைய ஆழம்.

4. அலை இரையைக் கரைக்குத் தள்ளும்போது நரம்பு தளராதபடி விரைவாகச் சுற்றுக. நீர் பின்வாங்கும்போது மெதுவாகச் சுற்றுக. இடையிடையே நிறுத்தினால் இரை அடிபட்ட மீன் போல் தாழும். கடி பெரும்பாலும் அப்போதுதான் விழும்.

5. இரை காலடிக்கு வரும்வரை இழுக்கவும். கரையோரப் பள்ளம்வரை துரத்தி வந்து கவ்வும் மீன் பல.

உயிர் முக்கியம்

அலை உடையாத அமைதியான பகுதி எல்லாம் பாதுகாப்பான இடம் அன்று. கலங்கிய நீரும் நுரையும் கடலை நோக்கிப் போனால் அது ஆளை உள்ளே இழுக்கும் நீரோட்டம். மீன் கிடைக்கும் இடமும் பல நேரங்களில் இதுவே. ஏரியில் நீந்தித் தேர்ந்தவர்களும் இதில் ஏமாந்து போவர். முழங்காலுக்கு மேல் நீரில் இறங்கக் கூடாது. தனியாகச் செல்லக் கூடாது. இழுக்கப்பட்டால் கரையை நோக்கி எதிர்த்து நீந்தாமல், மிதந்து, கரைக்கு இணையாகப் பக்கவாட்டில் நீந்தி ஓட்டத்தை விட்டு விலகிய பின்பே கரை சேர வேண்டும்.

திருக்கை மணலில் புதைந்து கிடக்கும். காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்து நடந்தால் அது விலகிவிடும். ஈயக்குண்டைப் பல்லால் கடிக்கவோ அடுப்பங்கரையில் உருக்கவோ வேண்டாம்; ஈயம் நஞ்சு. கரைவலை இழுக்கும் இடத்தில் எறியாதீர்கள். அது மீனவர் பிழைப்பு.

கொடுவா பொதுவாக ஆணாக வளர்ந்து, பின்னர் பெண்ணாக மாறும் மீன். ஆகவே மிகப் பெரியவை தாய் மீன்கள். குஞ்சையும் தாயையும் கடலில் விட்டு, நடுத்தர அளவுள்ளதை எடுத்துக் கொள்வது விதைநெல்லைக் காப்பது போன்றது.

வீராணத்தின் உபரி நீர் சேத்தியாத்தோப்பு அருகே வெள்ளாற்றில் சேர்ந்து, பரங்கிப்பேட்டையில் கடலை அடைகிறது. மருந்து தெளித்த வயல் நீரை உடனே வாய்க்காலில் வடித்தால் அதுவும் அந்த வழியே செல்லும். கழிமுகத்தில் வளரும் கொடுவாக் குஞ்சுகளை நம் வயல் வரப்பிலிருந்தே காக்கலாம்.