புரட்டாசியில் பழைய காருக்குப் பாலிஷ்: குறைவாகத் தேயுங்கள்

ஆடிக்காற்று அடங்கிவிட்டது, ஐப்பசி மழைக்கு இன்னும் சில வாரம் இருக்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்தில் பழைய கார் வைத்திருப்போர் பெயிண்டைக் கவனிக்க ஏற்ற காலம் இதுதான். தென்மேற்குப் பருவத்தில் நமக்கு மழை சொற்பம். காற்றுதான் வந்து கரிசல் புழுதியை வாரி இறைக்கும். மாசியிலிருந்து வெயில் காய்ந்த பானட்டும் கூரையும் வெளுத்து, விரல் வைத்தால் மாவாக ஒட்டும். ஆயுத பூஜை நெருங்குவதால் பலர் நேரே பட்டறைக்குப் போய் ரப்பிங் போடச் சொல்வார்கள். அதற்கு முன் மென்மையான ஃபினிஷிங் பாலிஷை ஒரு சாண் இடத்தில் போட்டுப் பாருங்கள்.

காரணம் இது. பாலிஷ் பெயிண்டின் மேல் எதையும் சேர்ப்பதில்லை. நுண்துகள்களால் மேற்பரப்பைச் சிறிது அரைத்து எடுத்துச் சமப்படுத்துகிறது, அதனால்தான் பளபளப்பு திரும்புகிறது. கம்பெனி பெயிண்ட் அடுக்குகள் எல்லாம் சேர்ந்தே ஏறக்குறைய 100 முதல் 150 மைக்ரான்தான். அதில் மேலே இருக்கும் கிளியர் கோட் பெரும்பாலும் 40, 50 மைக்ரான். வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் சேர்மானம் இந்த அடுக்கில்தான் இருக்கிறது. ஃபினிஷிங் பாலிஷ் இதில் எடுப்பது மிகச் சொற்பம். ரப்பிங்கில் கரடான காம்பவுண்டும் மெஷினும் சேர்ந்தால் பல மடங்கு போகும். ஆண்டுதோறும் பூஜைக்கு ரப்பிங் போட்ட வண்டி முன்னைவிடச் சீக்கிரம் வெளுப்பது இதனால்தான். 2014-இல் உற்பத்தி நின்ற அம்பாசடர், மாருதி 800 ஆகியவற்றின் பழைய வண்டிகள் பலவற்றில் கிளியர் கோட்டே கிடையாது. துணியில் காரின் நிறம் ஏறினால் அது அந்த வகை. பயப்பட வேண்டாம், செத்த பெயிண்ட்தான் வருகிறது. ஆனால் நிறம் முழுதாகத் தெளிந்ததும் கையை எடுத்துவிட வேண்டும்.

மென்மையான பாலிஷால் ஆழமான கீறல் போகாதே என்பார்கள். உண்மைதான், போகாது. நகம் மாட்டும் கீறலைப் போக்க அதன் ஆழம் வரை சுற்றிலும் அரைக்க வேண்டியிருக்கும். அந்தக் கோட்டோடு வாழ்வதே மேல். கிளியர் கோட் தோல் உரிந்தாற்போல் திட்டுத் திட்டாகப் பெயர்ந்திருந்தால் எந்தப் பாலிஷும் உதவாது, அந்தப் பாகத்துக்குப் புதுப் பெயிண்ட்தான் வழி. மழை முடிந்து தையில் பார்த்துக்கொள்ளலாமே என்பது இன்னொரு பேச்சு. வெளுத்துப்போன பரப்பு ஈரத்தையும் அழுக்கையும் பிடித்து வைக்கும். மழையில் அது இன்னும் கெடும். பாலிஷ் முடிந்த கையோடு வாக்ஸ் பூசினால் தண்ணீர் உருண்டு ஓடிவிடும். வாக்ஸ் இல்லாத பாலிஷ் பாதி வேலைதான். பல பட்டறைகளில் இதைத்தான் விட்டுவிடுகிறார்கள்.

புழுதியோடு தேய்ப்பதுதான் மற்ற எல்லாவற்றையும்விடக் கெடுதல். முதலில் தண்ணீர் ஊற்றி மண்ணை இறக்குங்கள், பிறகு ஷாம்பு. போர் தண்ணீர் பல இடங்களில் உப்பு. வெயிலில் காயவிட்டால் வெள்ளைப் புள்ளியாகப் படிந்து பெயிண்டை அரிக்கும். கடைசி வாளி மட்டும் நல்ல தண்ணீராக இருக்கட்டும், உடனே துடையுங்கள். பாலிஷுக்கு விடிகாலையோ அந்தி நேரமோ, நிழல் கட்டாயம்; தகடு உள்ளங்கைக்குச் சுடக் கூடாது, சுட்டால் பாலிஷ் காய்ந்து திட்டாக ஒட்டும். பட்டறையில் கிடக்கும் மில் கழிவு நூல் வேண்டாம், அதற்குள் மண் இருக்கும். சுத்தமான மைக்ரோ ஃபைபர் துணியே சரி. ஓரங்களிலும் மடிப்புகளிலும் பெயிண்ட் மெலிசு. அங்கே டேப் ஒட்டிவிட்டுத் தொடங்குங்கள். டீசல் துடைப்பது ஒருநாள் மினுமினுப்பு, மறுநாள் புழுதி அப்பிக்கொள்ளும். பூஜையன்று பானட்டில் வைக்கும் சந்தனத்தையும் விபூதியையும் உலர்ந்தபின் சுரண்டாமல், அன்று மாலையே தண்ணீர் விட்டு ஊறவைத்துக் கழுவிவிடுங்கள்.