ஓடும் நீரின் கணக்கு

(இயற்பியல் மூன்றாம் ஆண்டு மாணவன்)

எங்கள் ஜெயமங்கலத்தில் நாளிதழைப் பிரிப்பவர் பலரும் முதலில் தேடுவது வைகை அணையின் நிலவரத்தைத்தான். 'நீர்வரத்து வினாடிக்கு 1000 கன அடி' என்று அதில் இருக்கும். தோட்டத்து மோட்டாரின் தகட்டிலோ 'நிமிடத்திற்கு 300 லிட்டர்' என்றிருக்கும். குடிநீர்த் திட்டம் என்றால் 'நாளொன்றுக்கு இத்தனை மில்லியன் லிட்டர்' என்பார்கள். மூன்றும் ஓடும் நீரின் அளவுதான். ஆனால் ஒன்றின் பேச்சு மற்றொன்றுக்குப் புரியாது. மெட்ரிக் அளவைச் சட்டம் 1956-இலேயே வந்துவிட்டது. ஆயினும் அணைச் செய்தி மட்டும் கன அடியை விடுவதாக இல்லை!

ஓட்ட வீதம் என்பது குறிப்பிட்ட நேரத்தில் ஓரிடத்தைக் கடந்து செல்லும் நீரின் கன அளவு. ஆகவே அதில் கன அளவு, காலம் என்று இரு பகுதிகள் உண்டு. இரண்டையும் தனித்தனியே மாற்றினால் குழப்பமே இல்லை. வினாடிக்கு 1 லிட்டர் என்பதை மணிக்கு எத்தனை கன மீட்டர் என்று காண்போம். மணிக்கு 3600 வினாடி. எனவே 3600 லிட்டர். 1000 லிட்டர் ஒரு கன மீட்டர்; எனவே 3.6 கன மீட்டர். இந்த 3.6 ஒன்றை நினைவில் வைத்தால் போதும். பெருக்குவதா, வகுப்பதா என்ற ஐயம் தேர்வு அறையில் பலருக்கும் வருவதுண்டு. ஒரே ஓட்டத்தை லிட்டர்/வினாடியில் சொன்னால் எண் சிறியது, கன மீட்டர்/மணியில் சொன்னால் பெரியது என்று எண்ணிப் பார்த்தால் ஐயம் தீரும்.

இது தேர்வுக்கு மட்டும் உரிய கணக்கன்று. எங்கள் கிணற்றுக்குப் புது மோட்டார் வாங்க அப்பா இரண்டு விவரத் தாள்களைக் கொண்டு வந்தார். இரண்டும் 5 குதிரைத்திறன். விலையும் ஏறக்குறைய ஒன்றே. ஒன்றில் நிமிடத்திற்கு 300 லிட்டர். மற்றதில் மணிக்கு 21 கன மீட்டர். "ஏப்பா, முந்நூறு எங்கே, இருபத்தொண்ணு எங்கே!" என்றார் சித்தப்பா. 300-ஐ 60-ஆல் பெருக்கினால் மணிக்கு 18,000 லிட்டர், அதாவது 18 கன மீட்டர்தான். இருபத்தொன்றே பெரிது. இரு தாள்களிலும் நீரை ஏற்றும் உயரம் 30 மீட்டர் என்றே இருந்ததால்தான் இப்படி ஒப்பிட முடிந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உயரம் கூடினால் ஒரே மோட்டாரின் ஓட்டம் குறைந்துவிடும்.

வித்தியாசம் 3 கன மீட்டர்தானே எனலாம். ஓர் ஏக்கர் (4047 சதுர மீட்டர்) நிலத்தில் 5 சென்டிமீட்டர் ஆழத்திற்கு நீர் கட்ட ஏறத்தாழ 202 கன மீட்டர் வேண்டும். முதல் மோட்டாருக்கு 11 மணி 15 நிமிடம். இரண்டாவதற்கு 9 மணி 40 நிமிடம். மும்முனை மின்சாரத்திற்குக் காத்திருந்து, கூட்டுக் கிணற்றில் முறை வைத்துப் பாய்ச்சுபவருக்கு இந்த ஒன்றரை மணி நேரம் சிறிதன்று.

தாளில் உள்ளதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. 200 லிட்டர் பீப்பாயும் கைக்கடிகாரமும் போதும். ஓட்டம் சீரான பின் பீப்பாயைக் குழாயின் கீழே வைத்து, மும்முறை நேரம் பார்த்துச் சராசரி காண வேண்டும். 36 வினாடியில் நிறைந்தால் வினாடிக்கு 5.56 லிட்டர், 3.6-ஆல் பெருக்க, மணிக்கு 20 கன மீட்டர்.

இனி அணைக்குச் செல்வோம். ஓர் அடி 0.3048 மீட்டர். அதை மும்மடி பெருக்கினால் ஒரு கன அடி 28.317 லிட்டர் என்று வரும். எனவே வினாடிக்கு 1000 கன அடி என்பது 28.3 கன மீட்டர்; மணிக்கு ஏறத்தாழ 1,01,940 கன மீட்டர். மணிக்கு 21 கன மீட்டர் இறைக்கும் மோட்டார்கள் சுமார் 4,850 சேர்ந்து ஓடினால்தான் அந்த வரத்துக்கு ஈடாகும்.

நாளொன்றுக்கு 1 மில்லியன் லிட்டர் என்பது வினாடிக்கு வெறும் 11.57 லிட்டர்தான். அதே மோட்டார் இரவு பகலாக ஓடினால் நாளுக்கு 504 கன மீட்டர், அதாவது 5.04 லட்சம் லிட்டர் தரும். 2019-இல் தொடங்கிய ஜல் ஜீவன் திட்டத்தின் அளவான ஆளுக்கு 55 லிட்டர் வீதம் பகிர்ந்தால், சுமார் 9,160 பேருக்கு ஒரு நாளைய நீர்.