பட்டறையில் யாருக்கு எந்தப் பயிற்சி?

கேள்வி: பரந்தனில் வெல்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். நான்கு பெடியன்கள் வேலை செய்கிறார்கள். கேற், கிறில் வேலையோடு அரிசி ஆலைத் திருத்தம், எண்ணெய்ப் பவுசர் ஒட்டு, பழைய இரும்பு வெட்டு என்று எல்லாம் வருகிறது. பாதுகாப்புப் பயிற்சிக்கு அனுப்ப விரும்புகிறேன். யாருக்கு எது தேவை என்று எப்படி அறிவது?
— பட்டறை உரிமையாளர், பரந்தன்

பதில்: முதலில் உங்களிடம் வந்த வேலைகளைப் பாருங்கள். கடந்த மூன்று மாத வேலைகளை எழுதி, ஒவ்வொன்றிலும் ஓர் ஆளின் உயிர் எப்படிப் போகலாம் என்று பக்கத்தில் குறியுங்கள். பயிற்சித் தேவை அதிலேயே தெரிந்துவிடும்.

வன்னியில் நான் பழைய இரும்பையே முதலில் வைப்பேன். போர் 2009இல் முடிந்தும் கண்ணிவெடி அகற்றல் இன்னும் ஓயாத மண் இது. துருப்பிடித்த குழாய்போல் கிடப்பது வெடிக்காத எறிகணையாக இருக்கலாம். அதில் காஸ் கட்டரோ கிரைண்டரோ பட்டால் பட்டறையே மிஞ்சாது. சந்தேகமான துண்டைத் தொடாமல் விலகி 119க்கு அறிவிக்க, வெட்டுபவர் மட்டுமல்ல, இரும்பை இறக்குபவரும் பழகவேண்டும்.

அடுத்தது பவுசர். வெறுமையான தாங்கிதானே என்று நினைப்பதில்தான் ஆபத்து. அடியில் தங்கிய எண்ணெயின் ஆவி காற்றோடு கலந்திருக்கும். ஒரு பொறி போதும். தண்ணீரால் ஒருமுறை அலசினால் சரி என்று உங்கள் மூத்த தொழிலாளி சொன்னால், முதல் பயிற்சி அவருக்குத்தான். இளையவர்கள் அவரைப் பார்த்தே பழகுகிறார்கள். அரிசி ஆலையில், பொறி 11 மீற்றர் வரை தெறிக்கும். உமிக்குள் விழுந்தது நெடுநேரம் கனன்று பிறகு பற்றும். வேலை முடிந்தபின் அங்கே ஒரு மணி நேரமாவது காவல் நிற்பது யார்?

வாயால் கேட்டால் எல்லோரும் தெரியும் என்பார்கள். அரை நாள் பேசாமல் நின்று பாருங்கள். வியர்வையில் நனைந்த உடுப்போடு, உறை வெடித்த ஹோல்டரைப் பிடிக்கிறார்களா? கல்வனைஸ் குழாயை மூடிய அறைக்குள் ஒட்டுகிறார்களா? அந்தத் துத்தநாகப் புகையால் இரவில் காய்ச்சலும் நடுக்கமும் வரும். வெல்டிங் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் மதிப்பிட்டது.

ஒன்றைப் பிரித்தறியுங்கள். ஒரே முகக்கவசத்தை நால்வர் மாறி மாறிப் போட்டால் கண்ணில் ஆர்க் அடிக்கத்தான் செய்யும். அதற்குப் பயிற்சி மருந்தல்ல. இன்னும் மூன்று கவசம் வாங்குங்கள்.

கிளிநொச்சி அறிவியல் நகரில் 2016இல் திறந்த இலங்கை ஜேர்மன் பயிற்சி நிறுவனத்தில் விசாரியுங்கள். தாங்கியின் ஆவியை வெளியேற்றிச் சோதிக்கும் முறையைச் செய்துகாட்டிப் பழக்குவார்களா என்று கேளுங்கள். அந்தப் பயிற்சி கிடைக்கும்வரை பவுசர் ஒட்டுவேலையை ஏற்காதீர்கள்.