கழற்றிய நகையும் கழலாத பெருமையும்

கேள்வி: நகை அணியும் சி.எஸ்.ஐ. குடும்பத்தில் பிறந்தவள் நான். நகை அணியாத பெந்தெகொஸ்தே குடும்பத்தில் வாழ்க்கைப்பட்டபோது எல்லாவற்றையும் மனதாரக் கழற்றிவிட்டேன். இப்போது கல்லூரியில் படிக்கும் என் மகள் சிறு கம்மல் போடுகிறாள். சபையில் சிலர் ஜாடையாகப் பேசினார்கள். “ஆயிரக்கணக்கில் விலைபோகும் பட்டுப்புடவையை ஏன் யாரும் கேட்பதில்லை?” என்று சொல்லி, ஆராதனைக்கே வர மறுக்கிறாள். உள்ளான அழகு என்றால் என்ன? அவளுக்கு என்ன சொல்வேன்?
— ஒரு தாய், தூத்துக்குடி மாவட்டம்

பதில்: அன்புச் சகோதரிக்கு, உங்கள் மகளின் கேள்வி நியாயமானது. அதை அடங்காமை என்று எண்ணிவிடாதீர்கள்.

நம் சபைகளில் அடிக்கடி எடுத்துக்காட்டப்படும் வசனம் 1 பேதுரு 3:3. பொன்னைச் சொல்லும் அதே வசனம் தலைமயிர் பின்னுவதையும் சொல்கிறது. நகையை விலக்கிய சகோதரிகளும் சடை பின்னித்தான் வருகிறார்கள். அதை யாரும் குற்றமாக எண்ணுவதில்லை. ரோமப் பேரரசின் செல்வந்தப் பெண்கள் கூந்தலை அடுக்கடுக்காகப் பின்னித் தங்கள் செல்வத்தை ஊரறியக் காட்டினார்கள். அப்படிக் காட்டிக்கொள்வதில் உங்கள் மதிப்பைத் தேடாதீர்கள், சாந்தமும் அமைதியுமுள்ள இருதயத்தையே தேவன் விலையுயர்ந்ததாகக் காண்கிறார் என்பதே அப்போஸ்தலனின் போதனை.

பொன்னைப் பற்றி யாத்திராகமம் சொல்வதையும் பாருங்கள். 32-ஆம் அதிகாரத்தில் இஸ்ரவேலர் காதணிகளைக் கழற்றிக் கொடுத்தார்கள், அது கன்றுக்குட்டியானது. 35-ஆம் அதிகாரத்தில் அதே ஜனங்கள் மறுபடியும் நகைகளைக் கொண்டுவந்தார்கள். அது ஆசரிப்புக் கூடாரத்துக்குப் போனது. இரண்டு இடத்திலும் நகை கழன்றது. இருதயம் எந்தப் பக்கம் சாய்ந்தது என்பதில்தான் வித்தியாசம்.

எளிமையிலும் பெருமை நுழையும். மத்தேயு 6-இல், உபவாசிக்கிறவர்கள் முகத்தை வாடவைத்துக்கொண்டு திரியாமல், தலைக்கு எண்ணெய் பூசி முகத்தைக் கழுவ வேண்டும் என்று இயேசு கற்பித்தார். மனிதர் பார்க்க வேண்டும் என்ற ஆசை இருந்தால் வாடிய முகமும் அலங்காரம்தான். வெறுங்காதைக் காட்டி, கம்மல் போட்டவளைத் தாழ்வாகப் பார்ப்பதும் அதே ஆசைதான். யாக்கோபு 2-ஆம் அதிகாரம் இன்னொரு பக்கத்தைக் கண்டிக்கிறது: பொன்மோதிரக்காரனுக்கு நல்ல ஆசனம், ஏழைக்குத் தரை. விலையுயர்ந்த பட்டுக்கு நம் சபைகளில் கிடைக்கும் மரியாதையையும் இந்த வசனத்தின்முன் வைத்துப் பார்க்க வேண்டும்.

நீங்கள் நகையைத் துறந்தது கர்த்தருக்காக என்றால் அது நல்ல காணிக்கை. அதில் உறுதியாக இருங்கள். ஆனால் உங்கள் காணிக்கையை மகளுக்குச் சட்டமாக்க வேண்டாம். ரோமர் 14-ஆம் அதிகாரம் இரு தரப்புக்கும் பேசுகிறது: விலக்குகிறவர் தீர்ப்புச் சொல்லக் கூடாது, விலக்காதவர் அற்பமாக எண்ணக் கூடாது. சபையாரிடம் பொறுமை காட்ட உங்கள் மகளும் கற்க வேண்டும். அவளைப் புண்படுத்தியவர்களைப் பற்றி உங்கள் போதகரிடம் தனியாகப் பேசுங்கள். ஒரு கம்மலுக்காக ஒரு பிள்ளை ஆராதனையை இழப்பது சிறிய காரியமல்ல.

உள்ளான அழகைக் கண்ணால் காண வேண்டுமானால் அப்போஸ்தலர் 9-ஆம் அதிகாரத்தில் யோப்பா பட்டணத்துத் தொற்காளைப் பாருங்கள். அவள் எப்படி உடுத்தினாள், என்ன அணிந்தாள் என்று வேதம் ஒரு வார்த்தையும் சொல்லவில்லை. அவள் இறந்தபோது விதவைகள் அழுதுகொண்டே பேதுருவுக்குக் காட்டியது, அவள் தங்களோடிருந்த நாளில் தைத்த உடைகளை. அவளுடைய அலங்காரம் பிறர் உடம்பின்மேல் இருந்தது.

ஆகவே கம்மலைப் பற்றிய வாக்குவாதத்தை வீட்டில் நிறுத்துங்கள். உங்கள் தெருவில் தனித்திருக்கும் ஒரு முதியவளையோ விதவையையோ பார்க்க மகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். அந்த வீட்டுத் தேவையை இருவரும் சேர்ந்து சுமந்து பழகுங்கள். கம்மல் போடுவதா வேண்டாமா என்பதை அவள் ஜெபித்துத் தீர்மானிக்கட்டும். எதைத் தீர்மானித்தாலும் அவள் உங்கள் மகள் என்பதும், கர்த்தருடைய பிள்ளை என்பதும் மாறாது என்று அவளிடம் வாய்திறந்து சொல்லுங்கள்.